வேர் கேட்கும் அளவு

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டு மாடியில் சிறு நர்சரி தொடங்கியிருக்கிறாய், மகிழ்ச்சி. ஆப்பிரிக்க வயலட்டை எட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றினாயாம். மாதங்கள் போயும் மொட்டே இல்லை என்று வருந்தியிருந்தாய். தாராளமாக இடம் கொடுத்தால் செழிக்கும் என்று நம்பித்தான் நானும் என் முதல் செடியை அழுகக் கொடுத்தேன்.

முதலில் அதன் பிறந்த ஊரைத் தெரிந்துகொள். இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைப்பகுதி. 1893-இல் ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். காட்டில் அது நிழலான பாறை இடுக்குகளில், கொஞ்சம் பாசியையும் மட்கையும் பற்றி வாழ்வது. ஆழத்தில் வேர் விடுவது அதன் பழக்கமில்லை.

ஆகவே ஸ்கேலை எடு. இலைகள் விரிந்திருக்கும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தொட்டியின் வாய். 9 அங்குலச் செடிக்கு 3 அங்குலம், 12-க்கு 4. ஆழம் அகலத்தை மிஞ்ச வேண்டாம்.

வேர் எட்டாத மண்ணில் ஊற்றும் தண்ணீரைக் குடிக்க ஆளில்லை. அது தேங்கிக் காற்றை அடைக்கும், வேர் அழுகும், இலை துவளும். தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவோம். அடியில் ஜல்லி போட்டாலும் தீராது. ஜல்லிக்கு மேலுள்ள மண்ணில் ஈரம் நின்று வேரை இன்னும் நெருங்கும். துளையுள்ள தொட்டியும், தென்னைநார்க் கழிவும் பெர்லைட்டும் கலந்த இலேசான கலவையும்தான் வழி.

வேர் மண்ணைச் சுற்றி வலையாகப் பின்னிய பிறகே தொட்டியை மாற்று. அதுவும் ஓர் அங்குலம் பெரிதாக. முழுதாக வளர்ந்த செடிக்கு அதுகூடத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வேர்ப்பந்தின் அடியைச் சற்றே அரிந்து, புதுக் கலவையிட்டு, அதே தொட்டியில் இறக்கி வை. கீழிலை உதிர்ந்து நீண்டுபோன தண்டு மண்ணுக்குள் போய்ப் புது வேர் விடும்.

இந்தக் கணக்கை மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் போடாதே. அவை புதர்கள், வேரோட இடம் வேண்டும். ஒவ்வொரு செடியையும் அதன் வேரைப் பார்த்தே அளக்க வேண்டும்.

வாங்க வருபவர்கள் பெரிய தொட்டியில் வைத்துத் தரச் சொல்வார்கள். கூடுதல் விலை கிடைக்குமே என்று கொடுத்துவிடாதே. காரணத்தைச் சொல்லிச் சின்னதையே கொடு. முதல் வேலையாக, அந்த எட்டு அங்குலத் தொட்டியிலிருந்து உன் வயலட்டை இன்றே வெளியே எடு.

அன்புடன்,
உன் அக்கா