உக்குவதும் உடைவதும்

எங்கள் வளவில் காலையில் கூட்டிக் குவிக்கும் சருகை மூத்தம்மா தென்னை அடியில் கிடங்கு வெட்டிப் புதைப்பார். சொப்பிங் பேக், லஞ்ச் சீட், பிஸ்கட் உறை எல்லாம் சருகோடு சேர்ந்து போகும். "மண்ணுக்குள்ள போட்டா எல்லாம் உக்கிப் போகும் மகள்" என்பார்.

சென்ற விடுமுறையில் வாழை நடுவதற்காக அந்த இடத்தைத் தோண்டினோம். சருகு கறுத்த மண்ணாகியிருந்தது. ஆழத்தில் கிடந்த பொலித்தீன் அன்று வாங்கியதுபோல இருந்தது. வெயில் பட்டு மேலே கிடந்ததோ தொட்டதும் பொடிந்தது. "பாத்தியா, உக்கிட்டு" என்றார் மூத்தம்மா.

அது உக்கவில்லை, உடைந்திருந்தது. உக்கும்போது பற்றீரியாவும் பங்கசும் சருகைத் தின்று காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் உப்புகளாகவும் மாற்றிவிடுகின்றன. பொலித்தீனின் நீண்ட காபன் சங்கிலியை அவற்றால் இலகுவில் அறுக்க முடியாது. கழியூதாக் கதிர் பட்டு அது நொறுங்கும்; ஆனால் ஒவ்வொரு நொறுக்கும் பொலித்தீன்தான். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த இத்துண்டுகளையே நுண்பிளாஸ்டிக் என்கிறோம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரு பிடி மண்ணைக் காயவைத்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்தேன். (உம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.) இனிக் கரையாது என்னும்வரை உப்புக் கரைத்த நீரில் அம்மண்ணைக் கலக்கி ஒரு மணிநேரம் விட்டேன். மணல் அடியில் தங்கியது. மேலே மிதந்தவற்றுள் வேர்த்தும்பும் இலைத்துகளும் இருந்தன. ஊசியைச் சுடவைத்துத் தொட்டால் இலை கருகும். பிளாஸ்டிக் உருகிச் சுருளும். அப்படிச் சுருண்டவை 17. சோடாப் போத்தலின் பிளாஸ்டிக் உப்புநீரிலும் தாழ்ந்துவிடும் என்பதால் உண்மைத் தொகை இன்னும் கூடுதலாக இருக்கலாம்.

பொலித்தீனால் சாகும் உயிர் என்றால் நமது மாவட்டத்தில் யானைதான் நினைவுக்கு வரும். ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, 2022 ஜனவரி வரையான எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன. யானை விழுந்தால் பத்திரிகையில் வரும். மண்புழு இறந்தால் யார் எழுதுவார்?

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2016இல் வெளியான அவர்களது ஆய்வில், மண்புழுவின் உணவான இலைச்சருகில் பொலித்தீன் பொடி கலக்கப்பட்டது. 60 நாட்களில், 28 வீதமும் அதற்கு மேலும் கலந்த சருகைத் தின்ற புழுக்கள் அதிகம் இறந்தன. மிஞ்சியவை சரியாக வளரவில்லை. எங்கள் வளவில் அந்த அளவு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புழு தான் தின்றதை வளைக்குள் கொண்டுபோய் எச்சமாக இடுகிறது. மேலே கிடந்த துகள் இப்படி மண்ணின் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கரையோர மணலில் நமது கிணறுகளும் ஆழமானவை அல்ல.

மெல்லிய பொலித்தீனும் லஞ்ச் சீட்டும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டவை. எங்கள் கிடங்குக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இப்போது கிடங்கில் சருகு மட்டும் போடுகிறோம். பொலித்தீனைத் தனியாகக் கட்டிக் குப்பை உழவு இயந்திரத்தில் கொடுக்கலாம் என்றேன். மூத்தம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வளவுக்க போடாம, ஆனைக்கா குடுக்கச் சொல்றாய்?"

எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் கடைக்குப் போகும்போது, பன்னால் இழைத்த பழைய பையொன்றைத் தேடி எடுத்தார். அரிசிக்கும் மரக்கறிக்கும் அது போதும். மீனுக்குத்தான் இன்னும் வழி தேடுகிறோம்.