கும்பகர்ணனும் மூதேவியும்: சில தவறான அபிப்பிராயங்கள்

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு வளைந்தேறும் பாதையில், பஸ்ஸின் குலுக்கலுக்கும் பாட்டுக்கும் கைதட்டலுக்கும் மத்தியில் ஒரு மாணவன் மட்டும் தலைசாய்ந்து உறங்குவானாயின், அவனுக்குக் கும்பகர்ணன் என்ற பட்டம் அன்றைக்கே கிடைத்துவிடும். வீட்டுப் பெரியவர்களோ மூதேவி பிடித்துவிட்டாள் என்பார்கள்.

முதலாவது பட்டம் பொருந்தாது. அவ்வாறு உறங்குபவனுக்கு நார்க்கோலெப்சி என்னும் வியாதி இருக்கலாம்; அவ்வியாதி உள்ளவர் ஒரு நாளில் உறங்கும் மொத்த நேரம் ஏனையோருடையதைவிடப் பெரிதும் அதிகமன்று. பகலில் தடுக்கவொண்ணாமல் வரும் நித்திரை, இரவிலோ அடிக்கடி கலைந்துபோகிறது. ஆறு மாதம் அயராது தூங்கிய நம் தீவின் அரக்கனுக்கு இவ்வியாதி இருந்திருக்க நியாயமில்லை!

மூதேவி மீது பழி போடுவதும் சரியன்று. 1880-இல் பிரெஞ்சு வைத்தியர் ஜெலினோ பெயர் சூட்டிய இந்நோயின் காரணம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புலப்படவில்லை. விழிப்பைக் காக்கும் ஹைப்போக்ரெட்டின் என்ற இரசாயனம் 1998-இல் கண்டறியப்பட்ட பின்னர், 2000-இல், நோயாளிகளாயிருந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, அதைச் சுரக்கும் உயிரணுக்களில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை அழிந்திருப்பது தெரியவந்தது. பெரும்பாலும் பதின்ம வயதில், அதாவது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பருவத்தில் தலைகாட்டுவதால், அது சோம்பல் என்றே பெயர் பெற்றுப் பல வருஷங்கள் வைத்தியரிடம் போகாமல் கழிந்துவிடுகிறது.

விழுந்து விழுந்து சிரிப்பது என்று நாம் சொல்வது சிலருக்கு உண்மையாகவே நிகழ்கிறது. ஹாஸ்யத்தைக் கேட்டவுடன் முழங்கால் தளர்ந்து சரிகிறவரைக் கண்டு வலிப்பென்றும் மயக்கமென்றும் பதறுகிறார்கள். ஆனால் அவருக்குப் பிரக்ஞை தவறுவதில்லை, பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும், சில விநாடிகளிலோ ஓரிரு நிமிஷங்களிலோ எழுந்துவிடுவார். கேட்டப்ளெக்சி எனப்படும் இத்தளர்ச்சி உள்ள தோழனைப் பிட்டவல பத்தனையின் செங்குத்தான விளிம்பில் நிறுத்திவைத்துப் பகிடி விடுதல் ஆகாது.

விழிக்கும் தறுவாயில் நெஞ்சை அழுத்தும் அமுக்குப் பேயும் பேயன்று. கனவு நித்திரையில் தசைகளுக்கு இயல்பாக வரும் தளர்ச்சி விழிப்பிலும் சற்றே நீடிப்பதுதான். நோயற்றோருக்கும் அது வரும்.

மனத்திடமும் ஒரு பிளேன்டியும் போதும் என்பார் பலர். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு இந்த நம்பிக்கையை விடுவது கஷ்டம்தான்; ஆயினும் விரிவுரைகளுக்கிடையே முன்கூட்டித் திட்டமிட்டுப் பதினைந்து இருபது நிமிஷம் உறங்குவது அதனினும் பயன் தரும். இந்நோய்தானா என்றறிய நரம்பியல் வைத்தியர் இரவு முழுவதும் நித்திரையைப் பதிவு செய்து, மறுநாள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாக ஐந்து தடவை படுக்கவைத்து, சராசரியாக எட்டு நிமிஷத்துக்குள் உறக்கம் வருகிறதா, கனவு நித்திரை விரைந்து தோன்றுகிறதா என்று பார்ப்பார். அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மொடாஃபினில் போன்றவை பகல் நித்திரையைக் குறைக்கும். அவற்றோடு, வைத்தியரின் கடிதமொன்றைப் பெற்றுப் பரீட்சைக்கு முன்னரே பீடத்தில் ஒப்படைத்துவிட்டால், இடைவேளையில் கண்ணயர அனுமதி கேட்பது இலகுவாகும்.