மிதிவண்டியும் நம் மாநிலத்தின் நீர்நிலைகளும்



ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் உலகப் படத்தை விரித்து வைத்து, ஸ்காட்லாந்து நாட்டைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். அந்நாட்டில் இன்வெர்னஸ் நகரிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வரை, ஏறக்குறைய 97 கிலோமீட்டர் தூரத்திற்கு, நான்கு ஏரிகளைக் கால்வாய்களால் இணைத்து ஒரு நீர்வழி அமைத்திருக்கிறார்கள். அதற்குக் கலிடோனியன் கால்வாய் என்று பெயர். தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியியலாளரின் திட்டப்படி 1803 இல் தொடங்கிய அவ்வேலை 1822 இல் முடிந்து, நீர்வழி திறக்கப்பட்டது. அக்கால்வாயின் கரையில் இன்று மக்கள் மிதிவண்டியில் உல்லாசப் பயணம் செல்கின்றனர். இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் ஊரில் இப்படி ஏரியும் கால்வாயும் இல்லையா?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடையாக அமைவதே இக்கட்டுரை.

மிதிவண்டியும் பால்மரமும்

முதலில் மிதிவண்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். தொடக்கக் கால மிதிவண்டிகளுக்குக் காற்றடைத்த சக்கரங்கள் இல்லை. இரும்புப் பட்டையோ கட்டி ரப்பரோ பொருத்திய சக்கரங்கள் கற்பாதையில் ஓடும்போது, ஏறியவரின் எலும்பெல்லாம் ஆட்டங்கண்டன. 1888 ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தில் பிறந்து பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று எண்ணி, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். அதன்பின் மிதிவண்டிகள் பெருகின. மோட்டார் வண்டிகளும் வந்தன. உலகிற்கு ரப்பர் மிகுதியாகத் தேவைப்பட்டது.

அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னதாகவே, 1877 இல், ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்திருந்தன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கு நின்றுகொண்டிருக்கிறது. அந்த மரத்தின் இனம் பெருகித் தோட்டங்களானபோதுதான் நம் பாட்டனாரும் பூட்டனாரும் கப்பலேறி இங்கு வந்து, விடியற்காலை இருளில் விளக்குடன் பால்மரம் வெட்டினர். ஆகவே, மாணவர்களே, மிதிவண்டிச் சக்கரம் நமக்கு அந்நியப் பொருளன்று. நம் குடும்பத்தின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது.

கிந்தாவின் ஈயக்குட்டைகள்

ஈப்போவிலிருந்து பத்துகாஜா சென்று, அங்கிருந்து கோப்பெங் வழியாக மீண்டும் ஈப்போ திரும்பும் பாதை ஏறக்குறைய 50 முதல் 60 கிலோமீட்டர் இருக்கும். வழியெங்கும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். அவற்றுக்கிடையே கண்ணாடி போன்ற ஏரிகள் பலவற்றைக் காணலாம். ஸ்காட்லாந்தின் ஏரிகளைப் பண்டைக் காலத்துப் பனிப்பாறைகள் குடைந்தன. கிந்தாவின் இவ்வேரிகளை மனிதர் தோண்டினர். ஈயம் எடுத்தபின் விடப்பட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கி இவை உண்டாயின. 1985 இல் உலக ஈயச் சந்தை நிலைகுலைந்தபோது எஞ்சியிருந்த சுரங்கங்களும் பெரும்பாலும் மூடப்பட்டன. பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையில், 1938 இல் கட்டப்பெற்று 1982 வரை ஈயம் தோண்டிய மிதவைக் கப்பல் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் எடை 4,500 டன். இன்று பல ஈயக்குட்டைகளில் கொக்கும் நாரையும் மீன் பிடிக்கின்றன.

பத்துகாஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே கெல்லி மாளிகையைக் காணலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் கட்டத் தொடங்கிய அம்மாளிகை, அவர் 1926 இல் லிஸ்பன் நகரில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அதைக் கட்டிய தொழிலாளருள் தமிழர் பலர். கட்டட வேலையின்போது கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டதால், தொழிலாளர் வேண்டுகோளின்படி அருகில் மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டது என்பர். அக்கோயிலின் மேல், தெய்வச் சிலைகளுக்கிடையே, கால்சட்டை அணிந்த துரையின் சிலையும் நிற்கிறது. மாளிகையைப் பார்க்கச் செல்வோர் பலர். கோயிலையும் பார்த்து வருவோர் சிலரே. நீங்கள் இரண்டையும் பார்த்து வாருங்கள்.

கிரியான் கால்வாய்க் கரை

அடுத்து, நம் மாணவன் கேட்ட கால்வாய்க்கு வருவோம். பேராக்கின் வடமேற்கே உள்ளது கிரியான் மாவட்டம். முற்காலத்தில் அங்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர் அவற்றில் பாடுபட்டனர். அந்த ஒப்பந்த முறை 1910 இல் ஒழிக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் நெல் வயல்களோ வானம் பார்த்த பூமியாகவே கிடந்தன. அக்குறையைத் தீர்க்கக் குராவ் ஆற்றை மறித்துப் புக்கிட் மேரா ஏரியை உண்டாக்கினர். 1906 இல் முடிந்த அவ்வேரியிலிருந்து கால்வாய்கள் வழியாக நீர் பாய்ந்து, பாகான் செராய், பாரிட் புந்தார் வட்டாரங்களில் 20,000 எக்டருக்கும் மேற்பட்ட வயல்களை நனைக்கிறது. 'பாரிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்கே வாய்க்கால் என்பது பொருள். ஏரியின் குறுக்கே இருப்புப்பாதையும் செல்கிறது. இருபுறமும் நீர் விரிந்திருக்க, இரயில் ஓடும் காட்சி காணத்தக்கது.

கால்வாய்க் கரையில் மிதிப்பது ஏன் எளிதாக இருக்கிறது? நீர் மெதுவாக ஓடவேண்டும் என்பதற்காகக் கால்வாயை மிகச் சிறிய சரிவுடன் வெட்டுவார்கள். கரையும் அதே சரிவில் செல்லும். ஆகவே, பயணி மேடு பள்ளம் அறியாமல் மிதிக்கலாம். கலிடோனியன் கால்வாயிலோ படகுகளைப் படிப்படியாக உயர்த்த மதகு அறைகள் உண்டு. ஓரிடத்தில் அடுத்தடுத்து எட்டு அறைகள் அமைந்து படகை ஏறக்குறைய 20 மீட்டர் உயர்த்துகின்றன. அத்தகைய இடங்களில் கரைப் பாதையும் மேடேறும். சமவெளியான கிரியானில் அத்தொல்லை இல்லை.

மலைச்சாலையும் மலை ஏரியும்

மூன்றாவது பாதை வலிமை மிக்க பெரியவர்களுக்கே உரியது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை 1931 இல் முழுமை பெற்றது. ஏறக்குறைய 45 கிலோமீட்டர் ஏறினால் பகாங் மாநிலத்தைச் சேர்ந்த ரிங்லெட்டை அடையலாம். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் இளைப்பாறலாம். ரிங்லெட் ஏரி 1963 இல் நிறைவுற்ற சுல்தான் அபு பாக்கார் அணையால் உண்டானது. அதன் நீர் மலைக்குள் வெட்டிய சுரங்க வழியே நம் பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. ஆனால், மலைச்சரிவுகளில் மரங்களை அழித்ததால் மண் கரைந்து அவ்வேரியைத் தூர்த்து வருகிறது. மலையில் வெட்டும் மரத்துக்கும் ஏரியில் சேரும் சேற்றுக்கும் உள்ள தொடர்பை, மோட்டார் வண்டியில் விரைபவர் எளிதில் உணரமாட்டார். மெல்ல மிதித்து ஏறுபவர் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாரக் காண்பார்.

கவனிக்க வேண்டியவை

1. சிறுவர்கள் தந்தை, அண்ணன் அல்லது ஆசிரியர் துணையின்றி நெடுஞ்சாலையில் செல்லலாகாது. தலைக்கவசம் அணிந்து, இடப்புறம் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல் வேண்டும்.

2. ஈயக்குட்டையில் ஒருபோதும் இறங்காதீர். கரையில் ஆழமில்லாததுபோல் தோன்றும். ஓரடி தள்ளினால் தரை இராது. மணலும் காலடியில் சரியும். நீந்தத் தெரிந்தவரையும் அது விழுங்கிவிடும்.

3. கால்வாய்க் கரையில் தடைக்கம்பி இருந்தால், உரிய அதிகாரிகளிடம் அனுமதி பெற்ற பின்னரே செல்லுங்கள்.

4. விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புங்கள். பிற்பகலில் இடியும் மழையும் வருவது நம் நாட்டு இயல்பு. போதிய குடிநீரும், ஒட்டுப்போடும் பொருள்களும், காற்றடிக்கும் பம்பும் கையிலிருக்கட்டும்.

5. இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் சிறிது சிறிதாக அழுத்துங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் வண்டி குப்புறக் கவிழும்.

முடிவுரை

மாணவர்களே! நம் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்படும்போது தோட்டத்தின் பெயரும் வழக்கொழிகிறது. கெல்லி துரையின் பெயர் அவர் மாளிகையில் நிலைத்திருக்கிறது. செங்கல் சுமந்தவர் பெயரையோ, பால்மரம் வெட்டியவர் பெயரையோ எந்தப் பலகையிலும் காண இயலாது. அவற்றை அறிந்தவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர்களே. அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் தந்தையாருடன் மிதிவண்டியில் பக்கத்துத் தோட்டம் வரையேனும் சென்று வாருங்கள். தாத்தா வேலை செய்த இடம் எது என்று கேட்டறிந்து, அங்கே சிறிது நேரம் நின்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஏரிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி

1. கிந்தாவின் ஏரிகளும் ஸ்காட்லாந்தின் ஏரிகளும் தோன்றிய விதத்தில் உள்ள வேறுபாட்டை எழுதுக.

2. கால்வாய்க் கரையில் மிதிவண்டி ஓட்டுவது எளிதாக இருப்பதற்குக் காரணம் யாது?

3. ஈயக்குட்டையில் இறங்குவது ஏன் ஆபத்தானது?

4. உங்கள் தாத்தா, பாட்டி வேலை செய்த தோட்டங்களின் பெயர்களைக் கேட்டு, பேராக் மாநில வரைபடத்தில் அவ்விடங்களைக் குறித்து, வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும்.