பம்பின் ஒயில் பால் நிறமாகிவிட்டதா?

வாகனம் கழுவும் பிரஷர் வோஷர் இயந்திரத்தை இன்று பெரிய சேர்விஸ் ஸ்டேஷன்களில் மட்டுமன்றி, முச்சக்கர வண்டி கழுவும் சிறிய இடங்களிலும் கோழிப் பண்ணைகளிலும் காணலாம். சிறு முதலோடு தொழில் தொடங்கும் நமது இளைஞர்கள் பலர் முதலில் வாங்கும் பொருளும் இதுதான். ஆனால் பம்ப் சத்தமிடத் தொடங்கியதும் "இது முடிந்துவிட்டது" என்று பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2022 ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், இப்படி எறிவது நமக்குக் கட்டுப்படியாகாத காரியம்.

இந்தப் பாடத்தை நான் நஷ்டப்பட்டே படித்தேன். எங்கள் கடையோடு சேர்ந்த வாகனம் கழுவும் இடத்தில் பம்ப் கரகரவென்று சத்தமிட்டது. ஒரு மெக்கானிக் திறந்து பெயாரிங்கை மட்டும் மாற்றினார். மூன்று வாரத்தில் மீண்டும் அதே சத்தம். வேலை செய்யும் பையன் கவனமின்றிப் பாவித்ததாக நினைத்து, அவனை ஏசியதோடு, பெயாரிங் காசையும் அவனது சம்பளத்தில் வெட்டினேன். பிறகு வேறொரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். அவர் ஒயிலை ஒரு போத்தலில் வடித்துக் காட்டினார். தேநீருக்கு ஊற்றும் பாலைப் போல இருந்தது.

"முதலாளி, பெயாரிங்ல பிழையில்ல. தண்ணி உள்ளுக்குப் போகுது. சீல மாத்தாம நீங்க எத்தன பெயாரிங் போட்டாலும் இப்படித்தான்" என்றார்.

பையனின் காசை அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

உள்ளே நடப்பது என்ன?

சிறிய, நடுத்தர இயந்திரங்கள் பலவற்றில் மோட்டாரின் தண்டில் சாய்வான ஒரு தட்டு இருக்கிறது. அதன் மேல் தட்டையான திரஸ்ட் பெயாரிங். அந்தப் பெயாரிங்கின் மேல் மூன்று பிளஞ்சர்கள், ஸ்பிரிங்கின் பலத்தால் அழுத்திக்கொண்டிருக்கும். சாய்வுத் தட்டு சுழலச் சுழல பிளஞ்சர்கள் முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளும். பம்போடு நேரடியாக இணைந்த இன்டக்‌ஷன் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,800 தடவை சுற்றுகிறது. அப்படியானால் ஒவ்வொரு பிளஞ்சரும் ஒரு மணித்தியாலத்தில் 168,000 தடவை ஓடுகிறது. இந்த ஓட்டத்தைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் ஒன்றே.

பிளஞ்சரின் ஒரு முனை தண்ணீரிலும் மறு முனை ஒயிலிலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பவை வோட்டர் சீலும் ஒயில் சீலும். இவை தேய்ந்தால் தண்ணீர் ஒயிலோடு கலக்கும், ஒயில் பால் நிறமாகும், பெயாரிங் துருப்பிடித்துக் குழி விழும். சில பம்புகளில் இந்த இரு சீல்களுக்கும் நடுவே ஒரு சிறு துவாரம் உண்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் அது முன்னெச்சரிக்கை. அப்போதே சீலை மாற்றினால் பெயாரிங் தப்பிவிடும்.

மாற்றும் முறை

1. பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீரை மூடி, கன்னை அழுத்தி உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். பெற்றோல் இயந்திரமானால் ஸ்பார்க் பிளக் வயரையும் எடுத்துவிடுங்கள்.

2. ஒயிலை வடித்து நிறத்தைப் பாருங்கள். பால் நிறமென்றால் தண்ணீர். பளபளக்கும் தூள் தெரிந்தால் உலோகம் தேய்கிறது.

3. உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருப்பதால் போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிளஞ்சர்கள் இருந்த இடத்தையும் வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பெயாரிங் வளையங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மாற்ற வேண்டும். குண்டுகளை மட்டும் மாற்றிப் பழைய வளையத்தைப் போடாதீர்கள். இரண்டு வளையங்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் துளை அளவு சற்று வேறுபடும். எது எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பார்த்தே கழற்றுங்கள். சாய்வுத் தட்டிலும் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

5. மூன்று ஸ்பிரிங்குகளையும் மேசையில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் மூன்றையும் மாற்றுவது நல்லது. கீறல் விழுந்த பிளஞ்சர் புதிய சீலையும் சில நாட்களில் அறுத்துவிடும்.

6. சீல்கள் அனைத்தையும் மாற்றுங்கள். ஒயில் சீலின் ஸ்பிரிங் உள்ள உதடு ஒயில் பக்கம் பார்க்க வேண்டும். மோட்டார் தண்டிலுள்ள ஒயில் சீலையும் மறக்காதீர்கள்.

7. பூட்டிய பின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமின்றிச் சுற்றினால், இயந்திரத்தின் கைநூல் சொல்லும் வகை ஒயிலைச் சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள். முதலில் தண்ணீரைத் திறந்து, கன்னை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே ஓட்டுங்கள்.

பெல்ட்டில் ஓடும் பெரிய பம்புகளில் சாய்வுத் தட்டுக்குப் பதிலாக கிராங்கும் கொனெக்டிங் ரொட்களும் இருக்கும. ஒரு ரொட்டின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றிப் பூட்டக் கூடாது. மற்றபடி சட்டம் ஒன்றுதான்: சீலை விட்டுவிட்டுப் பெயாரிங்கை மாற்றாதீர்கள்.

கடைக்குப் போகுமுன்

பஞ்சிகாவத்தைக்குப் போய் "பிரஷர் வோஷர் பெயாரிங் ஒன்று" என்று கேட்டால் கிடைப்பது ஒன்றாகவும் தேவைப்படுவது வேறொன்றாகவும் இருக்கும். பழைய பெயாரிங்கின் ஓரத்தைத் துடைத்து இலக்கத்தைப் பாருங்கள். உதாரணமாக 51105 என்றிருந்தால் 511 என்பது திரஸ்ட் பெயாரிங் வகையைக் குறிக்கும். கடைசி 05 ஐ ஐந்தால் பெருக்கினால் உள் துளை 25 மில்லிமீற்றர். வெளி விட்டம் 42, தடிப்பு 11. ஒயில் சீலிலும் 25-40-7 என்பது போல உள் அளவு, வெளி அளவு, தடிப்பு என்ற ஒழுங்கில் இலக்கம் இருக்கும். இலக்கம் தெரிந்தவரிடம் பெட்டியின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை வாங்க முடியாது.

மீண்டும் பழுதாகாமல் இருக்க

கன்னை விட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டபடி வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள். அப்போது அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுழன்று சூடாகிச் சீலைக் கெடுக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழுவாதிருந்தால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் வரத்து குறைந்தால் காற்று கலந்து பம்ப் அதிரும். வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள். ஒயில் மாற்றும் மூடி உள்ள பம்புகளில் முதல் 50 மணித்தியாலத்தில் ஒரு தடவையும், பிறகு கைநூல் சொல்லும் இடைவெளியிலும் ஒயிலை மாற்றுங்கள். காலையில் கடை திறந்ததும் ஒயில் கண்ணாடியை ஒரு தடவை பாருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.

வியாபாரத்திலும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் நஷ்டத்தை மட்டும் சரிசெய்துவிட்டு, அது எங்கிருந்து கசிகிறது என்று பார்க்காவிட்டால், அதே நஷ்டம் மூன்று வாரத்தில் மீண்டும் வந்து நிற்கும். யாரை ஏசுவதென்றாலும் அதற்கு முன் ஒயிலை ஒரு தடவை வடித்துப் பாருங்கள்.