புது போன்ல சிக்னல் கோளாறா? வாங்கும் முன் பாருங்க!

பிடித்த போன் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால், வாங்கியவர்கள் "சிக்னல் நிக்க மாட்டேங்குது" என்கிறார்கள். வாங்கலாமா? கேமராவை விட இதுதான் முக்கியம். சிக்னல் இல்லேன்னா ஓடிபி வராது. ஆதார், வங்கி வேலை எல்லாம் பாதியில் நிற்கும்.

முதலில், கோளாறு எந்த வகை என்று பாருங்க. மென்பொருள் கோளாறு அப்டேட்டில் சரியாகலாம். ஆன்டெனா அமைப்பிலேயே குறை என்றால் கஷ்டம். 2010-ல் வந்த ஐபோன் 4-ல் வெளிச்சட்டமே ஆன்டெனா. இடது கீழ் ஓரத்தில் கை பட்டால் சிக்னல் இறங்கியது. அப்டேட், சிக்னல் கோடுகளைக் காட்டும் முறையைத்தான் மாற்றியது. கடைசியில் ஆப்பிள் இலவசமாக கவர் கொடுத்தது.

அடுத்து, வீட்டில் எல்லா போனிலும் சிக்னல் குறைவா? அப்போ குறை டவர்ல இருக்கலாம். போனை மாற்றிப் பயனில்லை. உங்க சிம் நிறுவனத்தின் 4ஜி, 5ஜி அலைவரிசைகள் புது போனில் உண்டா என்றும் பாருங்க. அதே மாடல் வைத்திருப்பவர் தெரிந்தவரா? உங்க சிம்மை அதில் போட்டு, உங்க வீட்டுக்குள்ளேயே பேசிப் பாருங்க.

அவசரம் இல்லேன்னா, அப்டேட் வந்து குறை தீர்ந்ததா என்று தெரியும்வரை பொறுங்க. வாங்கியே ஆகணும்னா, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை முதலிலேயே கேளுங்க. பில்லைப் பத்திரமா வையுங்க.

கடையும் சர்வீஸ் சென்டரும் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீரவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.