யுன்காங் குகையில் விடையேறிய தெய்வம்

மன்னார்க் கரையிலுள்ள மாந்தைத் திடலை 1980 முதல் 1984 வரை அகழ்ந்தோர் ஆங்குச் சீனத்து மட்கலத் துண்டுகளைக் கண்டனர். ஆதலின் மடு, மன்னார்ப் பகுதியினராகிய நமக்குச் சீனம் தொடர்பற்ற நாடன்று. அந்நாட்டுக் குகைக் கோயிலொன்றை ஈண்டு நோக்குவாம்.

வடசீனத்துத் தாத்துங் நகருக்கு மேற்கேயுள்ள மணற்கல் மலையிற் குடையப்பட்டவை யுன்காங் குகைகள். 446இல் வட வேய் அரசன் பௌத்தத்தை ஒடுக்கிப் படிமங்களை அழிப்பித்தான். 452இல் அரசேறிய அவன் பேரன் அத்தடையை நீக்கினான். 455 அளவில் ஈழத்துத் துறவியர் ஐவர் மூன்று புத்தர் படிமங்களுடன் அத்தலைநகரை அடைந்தனர் எனச் சீன வரலாற்று நூல் கூறும். 460 அளவில் தன்யாவோ என்னும் துறவியார் குகைப்பணியைத் தொடக்கினார். இன்று ஆங்கு 51,000க்கு மேற்பட்ட சிற்பங்கள் உள. மிகப் பெரியது 17 மீற்றர் உயரமுடையது.

எட்டாங் குகையின் வாயிற் பக்கமொன்றில், மூன்று தலையும் எட்டுக் கையும் உடைய தெய்வம் எருதின்மேல் அமர்ந்துளது. அதனை மகேசுவரன் என்பர். எதிர்ப்பக்கத்தில் ஐந்து தலையும் ஆறு கையும் உடைய தெய்வம் பறவைமேல் அமர்ந்துளது. அதனைக் குமரன் என்பாரும், கருடன்மேல் அமர்ந்த திருமால் என்பாரும் உளர்.

இதைக் கேட்ட மாணாக்கர், "சீனத்திலே பழைய சிவாலயம்!" என மகிழ விரைதல் இயல்பே. ஆயின், படிமம் யாருடையது என வினவுவதோடு, அஃது எவ்விடத்தில் உளது எனவும் வினவுதல் வேண்டும். உள்ளே வழிபடப்பெறுபவர் புத்தர். விடையேறியவர் வாயிலைக் காப்பவர். பௌத்தர் பிற தெய்வங்களைத் தம் அறத்தின் காவலராக ஏற்றுக்கொண்ட முறை இது. மகேசுவரன் கையிலுள்ள திராட்சைக் குலையோ, அவ்வுருவம் நடு ஆசிய வழியே சென்றமையைக் காட்டும்.

சீனத்தில் உண்மையாகவே சிவாலயம் இருந்ததுண்டு. சுவான்சௌ துறைமுகத்திற் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. சான்றுள்ளவிடத்துப் பெருமை கொள்ளுதல் தகும். அஃதில்லாதவிடத்துக் கொள்ளும் பெருமை, உள்ள பெருமையையும் ஐயத்துக்கு இடமாக்கும்.

நம் நாட்டில் மண்ணினின்று வெளிப்படும் கல்லொவ்வொன்றையும் எச்சமயத்தார்க்கு உரியதெனக் கேட்டு வழக்காடும் காலம் இது. ஆதலின் மாணாக்கர்க்கு நாம் கூறுவது ஒன்றே. கல்லைக் கண்டால் பெயர்க்காதீர்கள்; கிடந்த இடத்தையும், திசையையும், அயலிலுள்ளவற்றையும் முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். இடம்பெயர்ந்த கல் தன் சாட்சியில் பாதியை இழந்துவிடும்.