தலைமை உத்தியோகத்தர் விலகுதல்: இன்போசிஸ் நிறுவனம் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு தொழில் நிறுவனத்தின் வலிமை முதலிலும் கட்டடத்திலும் மாத்திரம் தங்கியிருப்பதன்று. நடத்துவோரின் பட்டறிவே அதன் பெரும்பங்கு. இதனை அறிய உடப்புசல்லாவையினராகிய நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. 1975 ஆம் ஆண்டிலே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பெரிய துரை மாறுவார். மற்றொருவர் பங்களாவுக்கு வருவார். ஆனால் கொழுந்து வாடிய பதத்தைக் கையாற் பிடித்தே அறியும் டீமேக்கர் போய்விடின், அவ்வறிவை எந்தப் பேரேட்டிலும் தேடிப் பெற முடியாது.

கணினித் தொழிலில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாகத் தோன்றும். அங்கே கொழுந்துமில்லை, ஆலையுமில்லை, ஆட்களே சொத்து.

இந்தியாவின் இன்போசிஸ் நிறுவனம் 1981 இல் எழுவரால், பதினாயிரம் ரூபா முதலுடன் தொடங்கப்பெற்றது. தலைமைப் பதவி நாராயண மூர்த்தி, நந்தன் நிலேகனி, கோபாலகிருஷ்ணன், சிபுலால் என நிறுவுநர் வரிசையிலேயே 2014 வரை சென்றது. இம்முறை ஒற்றுமைக்கு உதவிற்றெனினும், அடுத்த நிலையில் ஆற்றலோடு காத்திருந்தோருக்கு வாயிலை அடைத்தது என்பதே எமது கருத்து. 2011 இல் ஓய்வு பெற்ற மூர்த்தியவர்கள் 2013 ஜூனில் திரும்பி வந்தார். வீட்டுப் பெரியவர் மீண்டும் திண்ணையில் அமர்ந்தாற்போல. அதன் பின்னர் விலகல்கள் தொடர்ந்தன. அமெரிக்கப் பகுதியை மேற்பார்த்த அசோக் வெமூரி அவ்வாண்டே சென்று வேறொரு கம்பனிக்குத் தலைவரானார். நிதித்துறையில் நெடுநாள் இருந்த பாலகிருஷ்ணனும் டிசெம்பரில் விலகினார். 2014 தொடக்கத்தில் உயர்த்தப்பட்ட பி. ஜி. சீனிவாஸ், மே மாதத்திலேயே விடைபெற்றார். இத்தகையோர் செல்லுங்கால், வாடிக்கையாளர் அவர்கள்மீது வைத்த நம்பிக்கையும் ஓரளவு உடன் செல்கின்றது.

பின்னர் நிறுவுநரல்லாத முதற்றலைவராக விஷால் சிக்கா 2014 ஆகஸ்டில் வந்தார். முன்னாள் நிதித் தலைவருக்கு விலகுங்கால் உடன்பட்ட 17.38 கோடி ரூபா முதலியவற்றை முன்னிட்டு மூர்த்தியவர்களுடன் பிணக்கு மூண்டது. 2017 ஆகஸ்டு 18 இல் சிக்கா பதவி துறந்தார். அன்றே பங்கின் விலை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் சரிந்தது. ஆறு நாளில் நிலேகனி தவிசாளராகத் திரும்பினார். 2018 ஜனவரியில் வெளியிலிருந்தே சலில் பாரேக் தலைமை அதிகாரியாக அழைத்துவரப்பட்டார்.

அதன்பின்னும் விலகல் ஓய்ந்ததன்று. 2022 இல் நீங்கிய ரவிக்குமார், அடுத்த ஜனவரியிலே போட்டி நிறுவனமாகிய காக்னிசன்ட்டின் தலைமையை ஏற்றார்.